பிக்கப் வண்டிக்கு டர்போ பூட்டுமுன் ஒரு பாடம்



இம்முறை நாம் படிக்கப் போவது ஓர் எஞ்சின் பாடம். "எஞ்சினுக்கும் எங்களுக்கும் என்னாங்க? நாங்க கொழுந்து பறிக்கிறவங்க" என்று அம்மாமார் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இன்று எத்தனையோ லயங்களுக்கு முன்னால் ஒரு பிக்கப் நிற்கிறது. அப்பாவின் சேமலாப நிதி, அம்மாவின் சீட்டுக்காசு, அடகுக்குப் போன தோடு, மிச்சத்துக்கு லீசிங், இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த வண்டி. பகலில் அது மரக்கறி ஏற்றும். ராத்திரியில் யாருக்காவது வலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதுதான். ஆகவே அதன் எஞ்சினுக்கு என்ன செய்கிறோம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் 20, 30 வருடம் ஓடிய டீசல் வண்டிகளையே ஆட்கள் பழுதுபார்த்து ஓட்டினார்கள். பழைய வண்டி ஏத்தத்தில் இழுக்கவில்லை என்றதும் நம் பையன்களுக்கு வரும் யோசனை, "ஒரு டர்போ கிட் வாங்கி வீட்டுலேயே பூட்டிருவோம்" என்பது. பூட்டலாமா? பூட்டலாம். ஆனால் முதலில் ஒரு கதையைக் கேளுங்கள்.

ஒரு குடும்பத்துக்கு நடந்தது

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நமக்குத் தெரிந்த குடும்பம். பெயர் வேண்டாம். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கிடைத்த பணத்தை முன்பணமாகக் கட்டி, மகன் ஒரு பழைய ஹைலக்ஸ் எடுத்தார். 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின். கரட்டும் லீக்சும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்துக்கு ஓட்டம். நானுஓயா ஏத்தம் வந்தால் இரண்டாம் கியர். பின்னால் கறுப்புப் புகை. அதற்கும் பின்னால் வருகிற வண்டிக்காரர்களின் ஹோர்ன் சத்தம்.

"டர்போ ஒண்ணு போடுடா, பறக்கும்" என்றார்கள் கூட்டாளிமார். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த டர்போ ஒன்றும், அதற்கான மெனிபோல்ட்டும் குழாய்களும் வந்து சேர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து முன்வாசலில் வைத்துப் பூட்டினார்கள். "இன்னும் இழுக்கட்டும்" என்று டீசல் பம்பின் ஸ்க்ரூவையும் கூட்டிவிட்டார்கள்.

இரண்டு கிழமை வண்டி பறந்தது. மூன்றாம் கிழமை நீலப் புகை வந்தது. "புதுசா பூட்டுனது, போகப்போகச் சரியாகும்" என்று விட்டுவிட்டார்கள். ஒருநாள் விடியற்காலை, ஏத்தத்தில், தம்பி அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். எஞ்சின் குறையவில்லை. கிளச்சை மிதித்தார். எஞ்சின் அலறியது. சாவியைத் திருப்பி எடுத்தார். அப்போதும் நிற்கவில்லை! "எறங்குடா, எறங்கு!" என்று அப்பா கதவைத் திறந்தார். இருவரும் ரோட்டோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, எஞ்சின் தன்னைத்தானே உடைத்துக்கொண்டு நின்றது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லீசிங் 26 மாதம் பாக்கி.

அந்தத் தம்பி கைவேலை தெரியாதவர் அல்ல. மூன்று விஷயங்களை மட்டும் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த மூன்றும் இந்தப் பாடத்தில் வருகின்றன. படித்துக்கொண்டே போகும்போது நீங்களே கண்டுபிடியுங்கள்.

1. மலையில் வண்டிக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

நம் லயத்து அடுப்பைப் பாருங்கள். விறகை எவ்வளவு திணித்தாலும் காற்று இல்லாவிட்டால் புகைதான் வரும். ஊதாங்குழலால் ஊதினால் அதே விறகு பற்றி எரியும். டீசல் எஞ்சினும் அப்படித்தான். ஒரு லீற்றர் டீசல் முழுதாக எரிவதற்குக் கிட்டத்தட்ட 10,000 லீற்றர் காற்று வேண்டும்.

டயருக்குக் காற்று அடிக்கும்போது "முப்பது இறாத்தல்" என்று சொல்கிறோமே, அந்தக் கணக்கில் நம்மைச் சுற்றியுள்ள காற்றுக்கும் அழுத்தம் உண்டு. கடல் மட்டத்தில் அது 14.7 இறாத்தல். ஹட்டன் 1,271 மீற்றர் உயரம். அங்கே ஏறத்தாழ 12.6. நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே ஏறத்தாழ 11.7. அதாவது கொழும்பில் எஞ்சின் ஐந்து பங்கு காற்று இழுத்தால், நுவரெலியாவில் நாலு பங்குதான் இழுக்கும். பழைய பம்ப் இதை அறியாது. அது கொழும்பில் கொடுத்த அளவு டீசலையே இங்கேயும் கொடுக்கும். காற்று போதாமல் சரியாக எரியாத டீசல்தான் கறுப்புப் புகையாக வெளியே போகிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய டீசல் அது.

2. டர்போ என்றால் என்ன?

டர்போ என்பது எஞ்சினுக்கு ஓர் ஊதாங்குழல். அதை ஊதுவது எஞ்சினின் சொந்தப் புகை. வெளியே போகும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அந்த அச்சு ஒரு நிமிடத்தில் ஒரு லட்சம் தடவைக்கு மேலும் சுற்றும். அவ்வளவு வேகத்தில் அதைத் தாங்குவது ஒரு மெல்லிய ஒயில் படலம் மட்டுமே. இதை ஞாபகம் வையுங்கள்.

சுவிற்சர்லாந்து நாட்டு எஞ்சினியர் அல்பிரெட் பூஹி 1905இல் இதற்குக் காப்புரிமை கேட்டு எழுதினார். 1918இல் அமெரிக்காவில் சான்போர்ட் மொஸ் என்பவர் ஓர் ஆகாய விமான எஞ்சினை லொறியில் வைத்து, கொலராடோ மாநிலத்தில் 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் சிகரத்துக்கு ஏற்றினார். நுவரெலியாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உயரம். கீழே 350 அளவு குதிரைவலு கொடுத்த எஞ்சின், மேலே 230 அளவுதான் கொடுத்தது. டர்போவை இணைத்ததும் மறுபடி 350ஐத் தாண்டியது.

பார்த்தீர்களா? டர்போ ஆரம்பத்திலேயே மலை எடுத்துக்கொண்ட மூச்சைத் திருப்பிக் கொடுத்துக் காட்டியது. நமக்கும் வேண்டியது அதுதான். நுவரெலியாவில் குறைவது 3 இறாத்தல். 6, 7 இறாத்தல் கொடுக்கும் சிறிய டர்போ அந்த நட்டத்தை நிரப்பி, கொஞ்சம் மிச்சமும் தரும். அதற்கு மேல் ஆசைப்படும்போதுதான் வில்லங்கம் தொடங்குகிறது. டர்போ இல்லாமல் கம்பனி செய்த 2எல், 3எல் போன்ற எஞ்சின்கள் காற்றை 22க்கு 1 என்ற அளவில் ஏற்கெனவே இறுக்கி அமுக்குகின்றன. மேலும் மேலும் காற்றைத் திணித்தால் ஹெட் கேஸ்கட்டும் பிஸ்டனும் தாங்காது.

3. வாங்குமுன் வண்டியைப் பாருங்கள்

நோயாளியின் முதுகில் மூட்டை ஏற்றலாமா? கிட்டுக்குக் காசு கொடுக்குமுன் இவற்றைச் செய்யுங்கள்.

(அ) எயார் பில்டரை மாற்றுங்கள். நொசில்களைக் கழற்றி டீசல் பம்ப் கடையில் சோதியுங்கள். வால்வ் இடைவெளியையும் பம்ப் டைமிங்கையும் சரிபாருங்கள். பலருக்குப் போன இழுவையில் பாதி இதிலேயே திரும்பிவிடும். டர்போவே தேவைப்படாமலும் போகலாம்.

(ஆ) எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. அந்த எஞ்சினுக்கு டர்போ வேண்டாம்.

(இ) நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்து எழுதுங்கள். அளவு எஞ்சின் புத்தகத்தில் உள்ளபடி இருக்க வேண்டும். நாலும் ஒன்றுக்கொன்று கிட்டக்கிட்ட இருக்க வேண்டும்.

(ஈ) ரேடியேட்டர், தண்ணீர்ப் பம்ப், தெர்மோஸ்டட், கிளச், பிரேக். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் முதலில் அதற்கே செலவழியுங்கள்.

பாவித்த டர்போ வாங்குவதாக இருந்தால் அச்சின் முனையை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மிகக் கொஞ்சம் ஆடலாம். ஆனால் சக்கரத்தின் இதழ் கூட்டில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் அசைவு தெரியவே கூடாது. இதழ் முனைகளில் வெட்டுக் காயம், உள்ளே ஒயில் ஈரம் இருந்தால் எவ்வளவு மலிவு என்றாலும் விட்டுவிடுங்கள்.

4. வீட்டில் செய்யும் வேலை

ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும் வேலை அல்ல இது. மூன்று நாளாவது ஒதுக்குங்கள். அவசரம் உள்ளவர் தொடவே வேண்டாம்.

முதலாவது, இடம். நம் லயத்து வாசல்கள் சரிவானவை. சமதரையில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. சீமெந்துக் கல்லை முட்டுக் கொடுக்கவும் கூடாது. அது சொல்லாமல் உடையும். இரும்பு ஸ்டாண்ட் இரவலாகக் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். பெட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். எஞ்சின் நன்றாக ஆறட்டும். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

இரண்டாவது, பழைய மெனிபோல்ட்டைக் கழற்றுவது. துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல்நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். பலவந்தமாகத் திருப்பினால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறியும். பிறகு முறிந்ததை எடுக்கும் செலவு தனி.

மூன்றாவது, புது மெனிபோல்ட். அதன் முகம் சமமாக இருக்கிறதா என்று நேரான இரும்புத் தகடு வைத்துப் பாருங்கள். புகையின் சூட்டைக் காட்டும் கேஜுக்கான துளையை மெனிபோல்ட் வெளியே இருக்கும்போதே போட வேண்டும். பூட்டிய பிறகு துளைத்தால் இரும்புத் தூள் நேராக டர்போ சக்கரத்துக்குப் போகும். புது கேஸ்கட் வைத்து, நடுவிலிருந்து தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் மாறிமாறி இறுக்குங்கள்.

நாலாவது, ஒயில் வரும் குழாய். ஒயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில் மூன்று வழி இணைப்பு ஒன்று பூட்டி, அங்கிருந்து டர்போவுக்குக் குழாய் எடுப்பது வழக்கம். இந்தக் குழாயின் இணைப்புகளில் சிலிக்கன் பசை பூச வேண்டாம். சிறு துண்டு கழன்று போனால் டர்போவின் ஒயில் வழி அடைபடும். ஒயில் இல்லாத அச்சு சில வினாடியில் கருகிவிடும்.

ஐந்தாவது, ஒயில் திரும்பும் குழாய். இதுதான் பலர் பிழை விடும் இடம். டர்போவுக்குள் ஒயில் அழுத்தத்தோடு போகும். திரும்பி வருவது தன் பாரத்தால் மட்டுமே. மலையில் கான் வெட்டிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாட்டம் இல்லாத கானில் தண்ணி நிற்கும். நடுவில் மேடு இருந்தால் பின்னுக்கு ஏறும். இந்தக் குழாயும் அப்படித்தான். டர்போவின் ஒயில் வாசல் நேராகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். குழாய் உள்ளகலம் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. எங்கேயும் மேலே ஏறாமல், நெளியாமல், சம்பில் நிற்கும் ஒயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும்.

இந்தக் குழாய்க்காக சம்பில் துளை போட்டு ஒரு வாய் ஒட்ட வேண்டும். சம்பைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய் வெல்டிங் செய்து, நன்றாகக் கழுவி, புது கேஸ்கட்டுடன் பூட்டுங்கள். "கழட்டாமலே துளை போடலாம், கிறீஸ் பூசினா தூள் ஒட்டிக்கும்" என்று சொல்வார்கள். பத்துத் தூளில் ஒன்று தப்பினாலும் பேரிங் போய்விடும்.

ஆறாவது, காற்றுப் பக்கம். எயார் பில்டரிலிருந்து டர்போவுக்கும், டர்போவிலிருந்து எஞ்சினுக்கும் போகும் ஹோஸ்களைப் பூட்டுமுன் உள்ளே கையும் டோர்ச்சும் விட்டுப் பாருங்கள். மறந்துவிட்ட ஒரு நட்டு, ஒரு துணித்துண்டு போதும், டர்போ முடிந்தது. எல்லா ஹோசுக்கும் நல்ல கிளிப் போடுங்கள். கம்பி சுற்றிக் கட்டுவது வேண்டாம்.

ஏழாவது, புகைக்குழாய். டர்போவும் அதன் கீழ்க்குழாயும் ஏத்தத்தில் தணல் போலச் சிவக்கும். பிரேக் குழாய், டீசல் ஹோஸ், வயர் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. விலக்க முடியாத இடத்தில் தகட்டு மறைப்பு போடுங்கள். தீப்பிடித்த வண்டிகளில் பல இப்படிப்பட்ட சின்னக் கவனக்குறைவால் பிடித்தவை.

எட்டாவது, கேஜ் இரண்டு. ஒன்று காற்றழுத்தம் காட்டுவது. மற்றது புகையின் சூடு காட்டுவது. "கேஜ் எதுக்கு, காசு வீண்" என்று நினைக்க வேண்டாம். கேஜ் இல்லாமல் டர்போ ஓட்டுவது, தெர்மோமீற்றர் இல்லாமல் காய்ச்சல்காரப் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பது மாதிரி.

5. முதல் ஸ்டார்ட்

புது ஒயில், புது ஒயில் பில்டர் போடுங்கள். ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்புங்கள். டர்போவின் ஒயில் துளையில் சுத்தமான ஒயில் கொஞ்சம் ஊற்றிச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிறகு டீசல் பம்பின் சோலனாய்ட் வயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் பத்துப் பத்து வினாடியாக, இடையில் ஆறவிட்டுச் சுற்றுங்கள். திரும்பும் குழாயில் ஒயில் வருவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் வயரைக் கொடுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஐந்து நிமிடம் மெதுவாக ஓடட்டும். ஒயில், தண்ணீர், புகை எங்கேயாவது கசிகிறதா என்று பாருங்கள். 500 கிலோமீற்றர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். டர்போ பூட்டிய எஞ்சினுக்கு ஒயில் முன்பை விட வெள்ளென மாற்ற வேண்டும்.

இன்னொரு பழக்கம். ஏத்தம் ஏறி வந்து உடனே சாவியைத் திருப்பாதீர்கள். இரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள். சூடான அச்சில் ஓட்டமில்லாமல் நிற்கும் ஒயில் கரியாகிவிடும்.

6. அந்த ஸ்க்ரூ

டர்போ காற்றை மட்டும்தான் கொடுக்கும். டீசலைக் கூட்டுவது பம்பின் ஸ்க்ரூ. டர்போ போட்டு ஸ்க்ரூவைத் தொடாமல் விட்டால், அதே டீசல் முழுதாக எரியும். கறுப்புப் புகை குறையும். மலை எடுத்த இழுவை திரும்பும். ஸ்க்ரூவையும் கூட்டினால் இழுவையோடு சூடும் கூடும்.

டர்போவுக்கு முன்னால் புகையின் சூடு 700 பாகை செல்சியசைத் தாண்டி நிற்க விடக் கூடாது. அலுமினியம் உருகுவது 660 பாகையில். பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. அதைக் காப்பாற்றுவது ஒயிலும் தண்ணீரும் கொடுக்கும் குளிர்ச்சி மட்டுமே. சமதரையில் ஒரு நிமிடம் கூட்டினால் ஆறிவிடும். ஆனால் சுமையோடு அரை மணி நேரம் ஏத்தம் ஏறும் நம் வண்டிக்கு ஆற நேரம் கிடைக்காது. ஏத்தத்தில் கேஜ் ஏறினால் ஒரு கியர் இறக்கி, அக்சிலேட்டரைக் குறையுங்கள். பம்பைத் திருத்தத்தான் வேண்டும் என்றால், டீசல் பம்ப் கடையில், கேஜைப் பார்த்துச் செய்விக்க வேண்டும்.

7. எஞ்சின் தானாக ஓடினால்

டர்போவில் ஒயில் திரும்ப வழியில்லாமல் தேங்கினால், அது காற்றுப் பக்கம் கசிந்து எஞ்சினுக்குள் போகும். முதலில் நீலப் புகை வரும். அது எச்சரிக்கை. கவனிக்காவிட்டால் ஒருநாள் எஞ்சின் டீசலை விட்டுத் தன் ஒயிலையே குடித்து ஓடத் தொடங்கும். சாவி டீசலைத்தான் நிறுத்தும், ஒயிலை நிறுத்தாது. நம் தம்பிக்கு நடந்தது இதுதான்.

அப்போது கிளச்சை மிதிக்கவோ நியூட்ரலில் போடவோ கூடாது. பாரம் விலகினால் எஞ்சின் இன்னும் வெறி கொண்டு ஓடும். பிரேக்கை முழுதாக மிதித்தபடி, ஆகப் பெரிய கியரில் போட்டுக் கிளச்சைச் சட்டென்று விடுங்கள். எஞ்சின் திணறி நிற்கும். அது முடியாமல், வண்டி நின்றிருந்தால், காற்றுப் போகும் வாயைத் தட்டையான பலகையால் மூடலாம். கையாலோ துணியாலோ மூடக் கூடாது, உள்ளே இழுத்துவிடும். இதுவும் முடியாது என்றால் பக்கத்தில் நிற்காமல் விலகிவிடுங்கள். எஞ்சினை விட ஆள் பெரிது.

8. ஏத்தம் டர்போவுக்கு, இறக்கம் பிரேக்குக்கு

நானுஓயாவிலிருந்து ரதெல்ல வழியாக இறங்கும் குறுக்கு வீதி எவ்வளவு செங்குத்து என்பது நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். 2023 ஜனவரியில் அந்த வீதியில் பஸ்ஸும் வானும் முச்சக்கரவண்டியும் மோதி 7 பேர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. மலை வீதியில் ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரிய வேலை.

"ஏறுன கியர்லயே எறங்கு" என்று பழைய லொறி டிரைவர்மார் சொல்லித் தருவார்கள். அருமையான பாடம். ஆனால் டர்போ பூட்டிய வண்டிக்கு அதில் ஒரு திருத்தம் உண்டு. முன்பு இரண்டாம் கியரில் ஏறிய இடத்தில் இப்போது மூன்றாம் கியரில் ஏறுவீர்கள். அதற்காக மூன்றாம் கியரில் இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். அக்சிலேட்டரை விட்டதும் டர்போ ஊதுவதில்லை. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்த அது உதவாது. எஞ்சின் அதே பழைய எஞ்சின்தான். பழையபடி இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். சுமையும் பழைய அளவுதான். டர்போ வந்ததால் அச்சும் ஸ்பிரிங்கும் பிரேக்கும் பலப்பட்டுவிடவில்லை.

9. காகித வேலை

லீசிங் முடியும் வரை அந்த வண்டியில் லீசிங் கம்பனிக்கு உரிமை இருக்கிறது. எஞ்சினில் மாற்றம் செய்யுமுன் அவர்களிடமும் காப்புறுதிக் கம்பனியிடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் விசாரியுங்கள். விபத்து நடந்த பிறகு "சொல்லாமல் மாற்றம் செய்தீர்கள்" என்ற பேச்சு வந்தால் நட்டம் நம் தலையில் விழும். 2008 முதல் நடைமுறையில் உள்ள புகைப் பரிசோதனையிலும் வருடா வருடம் தேற வேண்டும். ஸ்க்ரூ கூட்டிய வண்டி அங்கேதான் மாட்டும்.

கதையின் மிச்சம்

உடைந்த எஞ்சினைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் அண்ணன் ஒயில் திரும்பும் குழாயைக் கையில் எடுத்தார். எஞ்சின் மவுண்டைச் சுற்றிப் போவதற்காக அது நடுவில் நாலு அங்குலம் மேலே ஏறி இறங்கியிருந்தது. "தம்பி, ஒன் டர்போவும் நல்லது, எஞ்சினும் நல்லது. இந்த ஒரு வளைவுதான் ரெண்டையும் தின்னுருச்சு" என்றார். பிஸ்டனின் தலையில் சூட்டால் உருகிய அடையாளமும் இருந்தது. அது ஸ்க்ரூவின் வேலை. கேஜ் இல்லாததால் சூடு ஏறியது யாருக்கும் தெரியவில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்தக் குழாயை வாங்கி, வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாற்பது வருடம் மலையில் கான் வெட்டியவர் அவர். "இத எங்கிட்ட காட்டியிருந்தீன்னா நானே சொல்லியிருப்பேன்டா" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவின் மிச்ச நகையும் அடகுக்குப் போய், பாவித்த எஞ்சின் ஒன்று வந்தது. ஒரு வருடம் டர்போ இல்லாமலே ஓட்டிக் கடனைக் குறைத்தார்கள். அதன் பிறகு டர்போ மறுபடி ஏறியது. இம்முறை சம்ப் பட்டறைக்குப் போனது. இரண்டு கேஜ் வந்தது. ஸ்க்ரூவை யாரும் தொடவில்லை. குழாயின் வாட்டத்தை அப்பாதான் பார்த்துச் சரி சொன்னார். இன்று அந்த வண்டி 6 இறாத்தலோடு மூன்றாம் கியரில், கறுப்புப் புகை இல்லாமல் ஏறுகிறது. இறங்குவது இரண்டாம் கியரில். பறக்கவில்லை. போய்ச் சேருகிறது.

வீட்டில் கூடிப் பேச ஐந்து கேள்விகள்

1. நம் தம்பிக்குத் தெரியாமல் போன மூன்று விஷயங்கள் எவை?

2. நம் வண்டியின் எயார் பில்டரும் நொசிலும் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டன?

3. எஞ்சின் தானாக ஓடத் தொடங்கினால் முதலில் செய்ய வேண்டியது என்ன? செய்யக் கூடாதது என்ன?

4. டர்போ பூட்டிய பிறகு இறக்கத்தில் எந்தக் கியர்? ஏன்?

5. டர்போவுக்கு வைத்திருக்கும் காசில் பிரேக்குக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம்?

வண்டி ஓட்டும் பிள்ளைக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை, படிக்கத் தெரியாத அப்பாவுக்குப் படித்துக் காட்டட்டும். குழாயின் வாட்டம் யாருக்குத் தெரியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, பாருங்கள்!